ஓட்டமும் நடையுமாக இட்டென் வரை

காலை ஐந்தே முக்கால். இருட்டு இன்னும் கலையவில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே எண்பது கிலோமீட்டர்கூடத் தள்ளியிராத ஊர் என்றுதான் பெயர். குளிரோ டிசம்பர் மாதக் கொடைக்கானலை ஞாபகப்படுத்தியது. செம்மண் பாதை இரண்டாகப் பிரியும் முனையில், பூட்டிக் கிடந்த பெட்டிக்கடை ஒன்றின் முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் இருபது. அப்புறம் எண்ண முடியவில்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, வாய் திறக்காமல் நிற்கும் ஒல்லியான உருவங்கள். மதுரையிலிருந்து வந்திருந்த நாற்பத்தேழு வயதுக்காரர் கூட்டத்தின் வாலில் போய் ஒட்டிக்கொண்டார். பந்தி முடிகிற நேரத்தில் அழைக்காத கல்யாணத்துக்குள் நுழைந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

யாரோ ஒருவர் "ட்வெண்டே" என்றார். சுவாஹிலியில், போகலாம். கூட்டம் நகர்ந்தது.

அவர் எதிர்பார்த்தது பாய்ச்சல். இது கென்யாவின் இட்டென். ஊருக்குள் நுழையும்போதே 'சாம்பியன்களின் தாயகம்' என்று எழுதிய வளைவு வரவேற்கிறது. அந்த இருட்டுக் கூட்டத்தில் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் ஓடிய விதம் ஓட்டமாகவே இல்லை. தேய்ந்த செருப்போடு காலை நேரம் பால் வாங்கக் கிளம்பும் தாத்தாக்கள்போல, சரக் சரக்கென்று மண்ணை உரசிக்கொண்டு போனார்கள். முதல் கிலோமீட்டர் முடிந்ததும் மதுரைக்காரரின் கைக்கடிகாரம் ஏழு நிமிடம் பத்து நொடி என்றது. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அவரைத் தினமும் தாண்டிப் போகும் கல்லூரிப் பையன்களின் வேகம் இதைவிட அதிகம்.

கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

அவர் ஓட ஆரம்பித்தது டாக்டர் சொல்லித்தான். ரத்தத்தில் சர்க்கரை 'பார்டரில்' நிற்கிறது என்றது பரிசோதனைக் காகிதம். நம் ஊரில் பாதிப் பேர் அதிகாலை மைதானத்துக்கு வந்து சேரும் வழி அதுதான். கஷாயம் குடிப்பதுபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். விலை கூடிய ஷூ, இதயத்துடிப்பை எண்ணும் கடிகாரம், அன்றன்றைய கணக்கைப் போட ஒரு வாட்ஸ்அப் குழு, எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டன. முதல் நாள் ஒரு சுற்று பறந்தார். இரண்டாவது சுற்றின் பாதியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சிமென்ட் பெஞ்சில் சரிந்தவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "யாரும் தொரத்தலையே தம்பி?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் கெண்டைக்கால் எலும்பின் ஓரத்தில் வலி. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். இப்படி மூன்று முறை.

இதில் அவர் தப்பு மட்டும் இல்லை. ஓட்டம் என்றால் நமக்கு என்னவாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? வீட்டுப்பாடம் எழுதாமல் போனால், "கிரவுண்டைப் பத்து ரவுண்டு சுத்திட்டு வா" என்பார் பி.டி. மாஸ்டர். ஓட்டம் என்பது தண்டனை. இல்லையென்றால் அவசரம்: ஓடிப்போய் வாங்கிட்டு வா, பஸ் போகுது ஓடு. சும்மா, யாரும் துரத்தாமல், எங்கும் போய்ச் சேர வேண்டிய தேவையில்லாமல் ஓடுவதற்கு நம் பேச்சில் இடமே இல்லை. இத்தனைக்கும் தமிழில் 'மெல்லோட்டம்' என்று அழகான ஒரு சொல் இருக்கிறது. அந்த 'மெல்'லைத்தான் நாம் காதில் வாங்குவதில்லை.

நைரோபியில் அவருடைய தங்கை குடும்பம் இருக்கிறது. குழந்தைகளைப் பார்க்கப் போன இடத்தில்தான் இட்டெனுக்கும் போய் வரும் எண்ணம் வந்தது. தங்கை கணவருக்கு இது புரியவே இல்லை. "ஏன் மச்சான், சிங்கம் பாக்கப் போறேன்னா சரி. மூச்சு வாங்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்றார். "சிங்கம் தொரத்துனாத்தான் மாப்ள ஓடணும். தொரத்தாம எப்படி ஓடுறதுன்னு அங்கதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேன் ஏறினார்.

நைரோபியிலிருந்து எல்டோரெட் சுமார் 310 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் சாலை வழியே போவதுதான் நல்லது. பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டி திரும்பி, பூமி திடீரென்று காலடியிலிருந்து கீழே விழும் அந்த இடத்தை மேகத்துக்கு மேலிருந்து பார்த்துப் பயனில்லை. பிறகு நைவாஷா ஏரி, நகுரு. நகுரு வழியே போகும் பழைய ரயில் பாதை, 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை போடப்பட்டது. அதற்காகக் கப்பலேற்றி வரப்பட்ட இந்தியக் கூலிகள் ஏறத்தாழ 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்தவர்கள். சப்பாத்தி கென்ய வீடுகளில் கல்யாணச் சாப்பாடாகவும், சமோசா தெருமுனைப் பண்டமாகவும் ஆனதற்கு இந்தியர்களின் அந்த நீண்ட வருகைதான் காரணம். டீக்கு 'சாய்' என்றே பெயர். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு இறக்குகிறார்கள். முதல் டம்ளரிலேயே மதுரைக்காரருக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

எல்டோரெட்டுக்கு இன்னொரு பெயர் 'அறுபத்து நான்கு'. வெள்ளைக்காரக் குடியேறிகளுக்குப் பண்ணை நிலம் பிரித்துக் கொடுத்தபோது 64ஆம் எண் நிலத்தில் எழுந்த ஊர். அங்கிருந்து இட்டெனுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். பதினான்கு பேர் உட்காரும் மத்தாட்டு வண்டியில், மடியில் ஒரு கோழியோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நசுங்கியபடி போய்ச் சேர்ந்தார்.

ஊர் என்று பார்த்தால் ஒரே ஒரு நீளத் தெரு. தகரக் கூரைக் கடைகள், காய்கறிச் சந்தை, பைக் டாக்சி ஓட்டும் இளைஞர்கள். தெருவின் கிழக்குப் பக்கம் சில நிமிடம் நடந்தால் கெரியோ பள்ளத்தாக்கு. ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக ஒரே சரிவு. உயரத்தைத் தமிழ்நாட்டுக் கணக்கில் சொன்னால் சுலபம்: ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. இட்டென் சுமார் 2,400. ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் ஒரு ஊரை வைத்து, அதில் எந்நேரமும் யாராவது ஓடிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூச்சு ஒவ்வொன்றிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கால் பங்கு குறைவு. விடுதியின் முதல் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிப் போனவர் கட்டிலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் ரத்தம் இந்தக் குறைவுக்குப் பழகியிருக்கிறது. வெளியூர் வீரர்கள் வாரக்கணக்கில் வந்து தங்குவதும் அதற்காகத்தான். பிரிட்டனின் மோ ஃபரா இங்கே பயிற்சி செய்திருக்கிறார். பவுலா ராட்கிளிஃபும். முதல் இரண்டு நாள் ஓடக்கூடாது, நடக்கத்தான் வேண்டும் என்று விடுதிக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "போலே போலே" என்றார். மெதுவா, மெதுவா. அந்த ஒரு வாரத்தில் மதுரைக்காரர் அதிகம் கேட்ட இரண்டு சொற்கள் அவைதான்.

உயரம்தான் எல்லாம் என்றால் உலகத்தின் மலையூர் மக்கள் எல்லோரும் மாரத்தான் ஜெயிக்க வேண்டும். ஊட்டியும்தான் உயரத்தில் இருக்கிறது. இங்கே வேறு சிலவும் சேர்ந்தன. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் தங்கத்தைக் கிப் கெய்னோ வாங்கியபோது, இந்த மேட்டுநிலத்துக் கலெஞ்சின் மக்களுக்கு ஓட்டம் முன்னேறும் ஒரு வழியாகத் தெரிந்தது. 1976இல் கோல்ம் ஓ'கானல் என்ற அயர்லாந்துத் துறவி, இட்டெனின் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளிக்குப் புவியியல் சொல்லிக் கொடுக்க வந்தார். தடகளப் பயிற்சியாளராகத் தகுதி எதுவும் அவருக்குக் கிடையாது. வந்தவர் ஊர் திரும்பவில்லை. அவருடைய மாணவர் பீட்டர் ரோனோ 1988 சியோலில் 1,500 மீட்டர் தங்கம் வாங்கினார். மேத்யூ பிரிர் 1992 பார்சலோனாவில் தடைதாண்டும் ஓட்டத் தங்கம் வாங்கினார். 2012 லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் ஓடி உலகத்தை வாய் பிளக்க வைத்த டேவிட் ருடிஷாவும் அவர் பார்த்து வளர்த்தவர்தான். இந்தப் பக்கத்துப் பெண்ணான லோர்னா கிப்லகட், ஓடிச் சம்பாதித்த பணத்தில் இங்கேயே ஒரு பயிற்சி நிலையம் கட்டினார். பெண்கள் சமையலையும் தண்ணீர்க் குடத்தையும் ஒருபக்கம் வைத்துவிட்டு ஓட ஓர் இடம் வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். 2007இல் அரை மாரத்தானில் 1:06:25 என்று உலகச் சாதனை படைத்தவர் அவர்.

சரி, அந்த இருட்டுப் பாதைக்கே திரும்புவோம்.

இரண்டாவது கிலோமீட்டரிலும் கூட்டம் அவசரப்படவில்லை. மூன்றாவதில் யாரும் சொல்லாமலே வேகம் ஏறியது; பால் பொங்குவது மாதிரி, எந்த நொடியில் என்று பிடிபடவில்லை. கிழக்கு வெளுக்கும்போது முன்வரிசை ஒரு செம்புழுதியாக மட்டும் தெரிந்தது. மதுரைக்காரர் நின்றுவிட்டார். இடுப்பில் கை வைத்துக் குனிந்தவரின் அருகில் ஒரு பெண் வந்து வேகத்தைக் குறைத்தார். குதிகால் தசைநாரில் காயமாகி மூன்று மாதம் ஓடாமல் இருந்தவர், இப்போதுதான் மீண்டும் தொடங்கியிருக்கிறார். அன்றைக்கு அவரும் கூட்டத்தோடு போகக்கூடாது.

"நடங்க. அப்புறம் ஓடலாம்," என்றார். நடந்தார்கள். பிறகு ஓடினார்கள். ஓடிக்கொண்டே அந்தப் பெண் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இந்தியாவில் எங்கே? எத்தனை பிள்ளைகள்? அங்கே மாடு உண்டா? யாராவது ஓடுவார்களா? மதுரைக்காரர் புதுக்கோட்டைக்காரர்களைச் சொன்னார்: 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய லட்சுமணன், தெற்காசியப் போட்டிகளில் அதே தூரங்களை ஜெயித்த சூர்யா. வறண்ட ஊரிலிருந்து வெறுங்காலோடு ஓட்டத்துக்கு வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு போனது. கொஞ்ச தூரம் கழித்து அந்தப் பெண் சிரித்தார். "பேசிட்டே வர்றீங்களே. அதுதான் உங்க வேகம்."

அவர் அப்போதுதான் கவனித்தார். ஒன்றரை கிலோமீட்டர் ஓடியிருக்கிறார், மூச்சு இரைக்கவில்லை. அதுவும் ஊட்டியைவிட உயரத்தில்.

பயிற்சியாளர்கள் இதைப் பேச்சுச் சோதனை என்கிறார்கள். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் உங்கள் வேகம் சரி. ஒற்றை ஒற்றைச் சொல்லாக உதிர்ந்தால் அதிகம். இதில் உடம்பின் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த வேகத்தில் ஓடும்போது தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, கொழுப்பை எரித்து நெடுநேரம் தாக்குப்பிடிக்கத் தசை கற்றுக்கொள்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். புதிதாக ஓட வருகிறவருக்கு மூன்றாவது வாரம் கால் வலி வருவது இந்த இடைவெளியில்தான். மூச்சு 'போ' என்கிறது, எலும்பு 'நில்' என்கிறது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அவருக்கு நடந்தது இதுதான். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதே அவமானத்தைப் பெரிய மனிதர் ஒருவரும் பட்டிருக்கிறார். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன், 1962 கடைசியில் நியூசிலாந்துக்குப் போனார். அங்கே ஆர்தர் லிடியர்ட் என்ற பயிற்சியாளர், சாதாரண மனிதர்களையும் இதய நோயாளிகளையும்கூட மெல்லோட்டத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பவர்மேனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். உலகத்தரமான ஓட்டக்காரர்களை உருவாக்கிய பவர்மேன் அந்தச் சாதாரணக் கூட்டத்தோடு சேர்ந்து ஓட முடியாமல் பின்தங்கினார். எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பு கண்ட ஒரு கிழவர்தான் வேகத்தைக் குறைத்து, பேச்சுக் கொடுத்தபடி அவரைக் கரை சேர்த்தார். ஐம்பத்தொரு வயது பவர்மேன் ஊர் திரும்பியதும் தன் ஊர்க்காரர்களுக்கு மெல்லோட்டம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 1967இல் அதைப் பற்றி அவர் சேர்ந்து எழுதிய சிறு புத்தகம் அமெரிக்காவில் பெரும் அலையைக் கிளப்பியது. நைக்கி நிறுவனத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரும் இதே பவர்மேன்தான்.

நடுவில் நடப்பதற்கு வெட்கப்படவே வேண்டாம் என்று சொன்னவர் இன்னொருவர். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, களைத்த பிறகு நடக்காதீர்கள், களைப்பதற்கு முன்பே நடந்துவிடுங்கள் என்ற முறையை 1970களில் வகுத்தார். சில நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி ஓட்டம். 1996இல் ஜோஷ் கிளார்க் என்பவர் எழுதி, இன்று உலகமெங்கும் கைப்பேசிகளில் இருக்கும் 'சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர்' என்ற ஒன்பது வாரத் திட்டமும் இதே வழிதான்: வாரம் மூன்று நாள், ஒரு நிமிட ஓட்டத்தில் தொடக்கம். நம் பாட்டிகள் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான் என்பார்களே, அதேதான்.

மதுரைக்காரர் அடுத்த நாள்களில் அப்படியே செய்தார். மூன்று நிமிடம், ஒரு நிமிடம். மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே, மாட்டுக்கொட்டில்களைத் தாண்டி, யூகலிப்டஸ் வாசனைக்குள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவரைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் "ம்ஸுங்கு" என்று கத்துவார்கள். இவரைப் பார்த்ததும் "முஹிந்தி! முஹிந்தி!", அதாவது இந்தியன். தொடர்ந்து "ஹவ் ஆர் யூ" என்று ஒரே ராகத்தில் கோஷ்டி கானம். கம்பளிச் சட்டையும் முதுகுப் பையுமாக ஏழெட்டுப் பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். அதில் ஒரு பொடியன் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். அப்பனுடையதாக இருக்கும், காலைவிட இரண்டு மடங்கு பெரிது. தொபுக் தொபுக்கென்று சத்தம் போட்டபடி அவரை முந்திப்போய், திரும்பி நின்று இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தான். அவர் எட்டியதும் மறுபடி ஓட்டம். சிரித்துச் சிரித்து அவருக்கு வயிறு வலித்தது. பள்ளி வாசலில் பிள்ளைகள் உள்ளே போன பிறகு திரும்பிப் பார்த்தால், நேற்றுவரை நடந்தே ஏறிய ஒரு மேட்டை ஏறி முடித்திருந்தார்.

ஓட்டத்தில் வரும் அந்த லேசான போதைக்கு விஞ்ஞானத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழ் வாசகருக்குப் பிடிக்கும். 1992இல் ஜெருசலேமில் ரஃபேல் மெகூலமின் ஆய்வுக்குழு, மூளையே சுரக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. கஞ்சா எந்தப் பூட்டைத் திறக்கிறதோ அதே பூட்டைத் திறக்கும் சாவி. அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள், நம் ஆனந்தமேதான். 2012இல் டேவிட் ரெய்க்லனும் உடன் ஆய்வாளர்களும் மனிதர்கள், நாய்கள், ஃபெரெட் என்னும் கீரி போன்ற பிராணி ஆகியவற்றை ஓடுபொறியில் ஓடவிட்டு ரத்தத்தைச் சோதித்தார்கள். மனிதருக்கும் நாய்க்கும் ஆனந்தமைடு கூடியது. ஃபெரெட்டுக்குக் கூடவில்லை. நெடுந்தூரம் ஓடப் பிறந்த உயிர்களுக்கே அந்தப் பரிசு என்று தோன்றுகிறது. அடுத்த ஆண்டு மனிதர்களிடம் மட்டும் வெவ்வேறு வேகத்தில் சோதித்தபோது, சும்மா நடந்தாலும் அது ஏறவில்லை, உயிரைக் கொடுத்து ஓடினாலும் ஏறவில்லை. நடுத்தர வேகத்தில்தான் ஏறியது. மூன்று முறையும் ரேஸ்கோர்ஸில் முதல் சுற்றே உயிரைக் கொடுத்தவருக்கு ஆனந்தம் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

மத்தியானத்தில் ஊர் தூங்குகிறது. காலை ஓட்டம் முடித்தவர்கள் சாப்பிட்டுப் படுத்து, மாலையில் மறுபடி கொஞ்சம் ஓடுகிறார்கள். நடுவில் ஒரு சடங்கு உண்டு: ஷூ கழுவுவது. விடுதிக்குப் பின்னால் வாடகை அறைகளில் தங்கியிருந்த இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஷூவின் அடிப்பள்ளங்களில் புகுந்திருக்கும் செம்மண்ணைக் குடைந்து எடுத்தார்கள். நாடாவைத் தனியாக உருவி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கசக்கி, முள்வேலிக் கம்பியில் தொங்கவிட்டார்கள். உள்ளே போடும் மெத்தையை வெயிலில் மல்லாத்தி வைத்தார்கள். ஒரு ஷூவுக்குக் கால் மணி நேரம். அதில் பலது, வந்துபோன வெளிநாட்டுக்காரர்கள் விட்டுச்சென்ற பழைய ஷூ. மதுரைக்காரர் தன் ஷூவைப் பார்த்தார். வாங்கிய நாளிலிருந்து அது தண்ணீரைக் கண்டதில்லை. ஒரு பிரஷ் கேட்டு வாங்கிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

சாப்பாடு உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, மரக்கரண்டியால் தோள் வலிக்கக் கிளறி இறக்குவது. நம் கேழ்வரகுக் களிக்குக் கூடப் பிறந்தது. கையால் பிட்டு, நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். கீரைக்குப் பெயர் 'சுகுமா விக்கி'. வாரத்தைத் தள்ளு என்று அர்த்தம். கையில் காசு இல்லாத வாரக் கடைசியிலும் கிடைக்கிற காய் அது. கலெஞ்சின் வீடுகளில் 'முர்சிக்' உண்டு: சுரைக்குடுக்கையின் உட்புறத்தில் குறிப்பிட்ட மரத்தின் கரியைத் தடவி, அதில் பாலை ஊற்றிப் பல நாள் புளிக்கவைத்தது. சாம்பல் நிறத்தில், புகை வாசனையோடு, நன்றாகப் புளித்த மோர் மாதிரி இருக்கும். பதக்கத்தோடு ஊர் திரும்பும் வீரர்களுக்கு விமான நிலையத்திலேயே இதைத்தான் நீட்டுகிறார்கள். இரண்டாவது மடக்கிலிருந்து பிடித்துப்போகும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேடிக்கை பார்க்கவாவது போக வேண்டும். அன்று ஃபார்ட்லெக். 1930களில் சுவீடனில் பிறந்த பயிற்சி; சொல்லுக்கு வேக விளையாட்டு என்று பொருள். ஒரு நிமிடம் பாய்ச்சல், ஒரு நிமிடம் மெது, இப்படி மாறி மாறி. நூற்றுக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். காசு கிடையாது, பெயர்ப் பதிவு கிடையாது, யார் வேண்டுமானாலும் சேரலாம். பாய்ச்சல் தொடங்கியதும் தரை அதிர்ந்தது. அலங்காநல்லூர் வாடிவாசல் திறந்த நொடி மாதிரி. புழுதி அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. திங்கள்கிழமை பால் வாங்கப் போகும் தாத்தாக்களாக ஊர்ந்தவர்கள்தான் இவர்கள். மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாக ஓடியதால்தான் இன்றைக்கு இந்தப் பாய்ச்சல்.

எல்லாம் இனிப்பு இல்லை. இங்கே ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது பிழைப்பு. ஒரு வெளிநாட்டுப் போட்டி, ஒரு ஷூ நிறுவன ஒப்பந்தம், அதில் ஒரு துண்டு நிலமும் இரண்டு மாடும் என்பது கனவு. நூறு பேரில் சிலருக்குத்தான் கிடைக்கும். அந்த நெருக்கடியில் ஊக்கமருந்தும் புகுந்திருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 1,500 மீட்டர் தங்கத்துக்கு உரியவரான ஆஸ்பெல் கிப்ரோப்பே 2019இல் நான்கு ஆண்டுத் தடை பெற்றார். 2021 செப்டம்பரில் பெண்கள் மட்டும் ஓடும் பத்துக் கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் உலகச் சாதனை படைத்த ஆக்னஸ் திரோப், அடுத்த மாதமே இதே இட்டெனில் தன் வீட்டில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார். வயது 25. 2023இல் சிகாகோவில் மாரத்தானை 2:00:35இல் ஓடிய கெல்வின் கிப்டம், நான்கு மாதம் கழித்து இந்தப் பக்கத்துச் சாலையொன்றில் கார் விபத்தில் இறந்தார். வயது 24. சர்க்கரை குறைய ஓடும் நாம், அவர்களுடைய மெதுவோட்டத்தைக் கடன் வாங்கும்போது இதையும் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் மரியாதை.

கிளம்புவதற்கு முந்தின நாள், குதிகால் காயக்காரப் பெண்ணும் அவரும் கெரியோ விளிம்பு வரை ஓடினார்கள். ஆறு கிலோமீட்டர், ஐம்பத்து நான்கு நிமிடம், நடுவில் ஆறு முறை நடை. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யாரும் கட்டைவிரல் காட்டமாட்டார்கள். விளிம்பில் நின்றபோது பள்ளத்தாக்கின் அடிப்பகுதி வெயிலில் மஞ்சளாகக் கிடந்தது. ஒரு கழுகு இவர்களுடைய கால் மட்டத்துக்குக் கீழே வட்டமடித்தது. "நாளைக்கு ஊருக்குப் போய் என்ன செய்வீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார். "ரேஸ்கோர்ஸ்ல ஒரு பெரியவர் இருக்கார். அவரையும் கூட்டிட்டு ஓடணும், பேச்சுத் துணைக்கு," என்றார் மதுரைக்காரர்.

போக நினைப்பவர்களுக்கு: இந்தியர்கள் கிளம்பும் முன் இணையத்தில் கென்யாவின் பயண அனுமதி எடுக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அதற்கென அனுமதி பெற்ற மையத்தில், பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொண்டு சான்றிதழை வைத்திருங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை, செம்மண் பாதை வழுக்கும். நல்ல நிலையில் உள்ள பழைய ஷூ இருந்தால் கழுவி எடுத்துப் போங்கள், அங்கே அதற்கு ஆள் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். போய் இறங்கிய முதல் இரண்டு நாள் மட்டும், எவ்வளவு ஆசையாக இருந்தாலும், ஓடாதீர்கள்.